சின்ன மெஸ்ஸின் வரவு செலவு: கல்லாவில் தொடங்கி கணக்கு நோட்டு வரை ஒரு முழு வழிகாட்டி

இரவு பத்தரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணினால் பன்னிரண்டாயிரம் இருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்குள் பால்காரர், காய்கறிக்காரர், கேஸ்காரர், மாஸ்டர் என்று வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு போனால் இரண்டாயிரம்கூட மிஞ்சாது. கூட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை, மதியம் ஒரு மணிக்கு உட்கார இடம் கிடைக்காது. ஆனாலும் மாதக் கடைசியில் வாடகைக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும்.

திருச்சியில் 28 பேர் உட்காரும் சைவ மெஸ் ஒன்றை நடத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் தவித்தேன். கல்லாவில் விழும் பணத்தில் பெரும்பகுதி விழும்போதே அடுத்தவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. எவ்வளவு யாருக்குச் சொந்தம் என்று அன்றன்றைக்குப் பிரித்துத் தெரிந்துகொள்வதைத்தான் சின்னக் கடைக்கு பட்ஜெட் என்று சொல்வேன். அதற்குப் பெரிய கம்ப்யூட்டரோ ஆடிட்டரோ தேவையில்லை. நீள நோட்டு ஒன்று, எடை மெஷின் ஒன்று, தினமும் இருபது நிமிடம். இவை போதும்.

முதலில் வீட்டையும் கடையையும் பிரியுங்கள்

கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கு மட்டும் ஒரு க்யூஆர் அட்டை. இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். என் கடையில் ஆரம்பத்தில் க்யூஆர் என் சொந்தக் கணக்கில் இணைந்திருந்தது. ஜூன் மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அதிலிருந்தே கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அரிசி பாக்கி வாங்க வந்தவரிடம் கொடுக்கப் பணமில்லை. நான் கட்டியது அவருடைய பணத்தைத்தான் என்று அன்று விளங்கியது.

அப்புறம், முதலாளிக்கும் சம்பளம் உண்டு. 15,000 ஆனாலும் 20,000 ஆனாலும் ஒரு தொகையை முடிவு செய்து மாதம் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கல்லாவில் கை வைக்கக் கூடாது. மனைவியோ அண்ணனோ கடையில் வேலை செய்தால் அவர்கள் சம்பளத்தையும் எழுதுங்கள். வீட்டு ஆட்களின் உழைப்பை இலவசமாகக் கணக்கில் வைத்தால், நட்டத்தில் ஓடும் கடைகூட லாபத்தில் ஓடுவதுபோலத் தெரியும். அந்த மயக்கத்திலேயே வருடக்கணக்கில் ஓட்டிக் களைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

முப்பது நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

பட்ஜெட் என்றதும் உடனே செலவைக் குறைக்கக் கிளம்பாதீர்கள். முதல் ஒரு மாதம் எழுதினால் மட்டும் போதும். இடது பக்கம் வரவு: காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலை டிபன், பார்சல், ஆன்லைன் ஆர்டர் என்று தனித்தனியாக, ரொக்கம் எவ்வளவு, போனில் வந்தது எவ்வளவு. வலது பக்கம் செலவு: மளிகை, காய்கறி, பால் தயிர், எண்ணெய், கேஸ், கூலி, இலை மற்றும் பார்சல் சாமான், சில்லறைச் செலவு. கடனாக வாங்கிய சரக்கையும் வாங்கிய தேதியிலேயே எழுதுங்கள். பணம் கொடுத்த அன்று எழுதினால் அந்த வாரக் கணக்கே பொய்யாகிவிடும்.

‘சில்லறை’ என்ற பத்தியில் ஒரு கண் வைத்திருங்கள். ஐஸ், ஆட்டோ, பல்பு, ஊதுபத்தி, கோயில் நன்கொடை என்று ஐம்பதும் நூறுமாகப் போகும். முதல் மாதம் கூட்டிப் பார்த்தபோது எனக்கு அது கேஸ் செலவில் பாதிக்கு வந்திருந்தது.

மாதக் கணக்கை ஒரு நாள் கணக்காக்குங்கள்

முப்பது நாள் எழுதி முடித்ததும் கூட்டுங்கள். ஞாயிறு விடுமுறை, மாதம் 26 நாள் வியாபாரம், நாளுக்குச் சராசரி 12,000 ரூபாய் என்று ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத விற்பனை 3,12,000.

- சரக்கு (மளிகை, காய்கறி, பால், எண்ணெய்): 1,24,800
- கூலி (மாஸ்டர், உதவியாள், சப்ளையர் இருவர், துப்புரவு இருவர்): 93,600
- வாடகை: 25,000
- கேஸ்: 19,000
- இலை, பார்சல் சாமான்: 9,000
- மின்சாரம்: 6,000
- ரிப்பேர், போனஸுக்கு எடுத்து வைப்பது: 8,000

மொத்தம் 2,85,400. மிச்சம் 26,600. முதலாளி சம்பளம் 20,000 போனால் கையில் 6,600. மூன்று லட்சத்துக்கு மேல் விற்ற கடையின் உண்மையான லாபம் இவ்வளவுதான். பலருக்கு இந்த இடத்தில் மனசு உடையும். உடைய வேண்டாம், சரி செய்யும் வழியும் இதே பட்டியலில்தான் இருக்கிறது.

இப்போது செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் போகும் செலவு ஒன்று: வாடகை, கூலி, மின்சாரம், ரிப்பேர், உங்கள் சம்பளம். நம் உதாரணத்தில் 1,52,600, நாளுக்குச் சுமார் 5,870. விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு இன்னொன்று: சரக்கு, கேஸ், இலை. நூறு ரூபாய் விற்றால் இதற்கு 49 போய்விடும், மிஞ்சுவது 51. அந்த 51 சேர்ந்து சேர்ந்து 5,870 ஆக வேண்டுமென்றால் நாளுக்குச் சுமார் 11,500 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

இந்த 11,500தான் உங்கள் கோடு. கல்லா மேஜைக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். நாளுக்குச் சராசரி 10,500 என்று இறங்கினாலே மாதம் 13,000 ரூபாய்க்கு மேல் கைநட்டம். மாலை ஏழு மணிக்கு 8,000தான் ஆகியிருக்கிறது என்றால், இரவுக்கு எவ்வளவு மாவு எடுப்பது, எவ்வளவு காய் நறுக்குவது என்பதை அப்போதே தீர்மானிக்கலாம். மாத முடிவில் தெரிந்து என்ன செய்வது?

ஒரு பிளேட் இட்லியைப் பிரித்துப் பார்ப்போம்

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அடக்க விலை போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட முடியாது, அதிகம் விற்கும் ஐந்தில் ஆரம்பியுங்கள். இட்லியை எடுத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

நாலு கிலோ இட்லி அரிசி, கிலோ 42 என்றால் 168. ஒரு கிலோ உளுந்து 130. வெந்தயம், உப்பு எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குப் பக்கம் வரும். இதை அரைத்துப் பொங்க விட்டால் கடை அளவில் சுமார் 200 இட்லி. ஒரு இட்லி ஒன்றரை ரூபாய், இரண்டு இட்லி மூன்று ரூபாய்.

அடுத்து சாம்பார். பத்து லிட்டர் சாம்பாருக்குப் பருப்பு, காய், சின்ன வெங்காயம், தக்காளி, புளி, பொடி, எண்ணெய் எல்லாம் கூட்டினால் 330 ரூபாய். நூறு மில்லி கரண்டி ஒன்று 3 ரூபாய் 30 பைசா. தேங்காய்ச் சட்னி: ஒரு தேங்காய் 35, பொட்டுக்கடலை, மிளகாய், தாளிப்பு 15, ஆக 50 ரூபாய்க்குப் பன்னிரண்டு கரண்டி. ஒரு கரண்டி நாலு ரூபாயைத் தாண்டும்.

ஆக, பிளேட்டில் விலை குறைந்த பொருள் இட்லிதான். சாம்பார் இரண்டு கரண்டி, சட்னி ஒரு கரண்டி என்றால் அடக்கம் 14 ரூபாய். இன்னொரு ஆள் சாம்பார் நாலு முறை, சட்னி இரண்டு முறை கேட்டால் 24 ரூபாய்க்குப் பக்கம். பிளேட்டை 30க்கு விற்றால் முதல் ஆளிடம் 16 ரூபாய் நிற்கும், இரண்டாவது ஆளிடம் ஆறு ரூபாய் நிற்கும்.

இதைப் பார்த்துவிட்டுச் சாம்பார் ஊற்றுவதை நிறுத்தச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் ‘இன்னும் கொஞ்சம் சாம்பார்’ கேட்டவரிடம் முகம் சுளித்த கடைக்கு மறுநாள் ஆள் வராது. தண்ணீராக ஊற்றினாலும் அப்படித்தான். நான் செய்தது வேறு. அடக்க விலை போடும்போதே மூன்று கரண்டி சாம்பார், ஒன்றரை கரண்டி சட்னி என்று வைத்து, அதற்கேற்ப விலையை வைத்தேன். சட்னிக் கரண்டியை மட்டும் சிறியதாக மாற்றினேன். வேண்டுமென்றவருக்கு மறுமுறை வைப்போம், வேண்டாதவர் இலையில் மிச்சம் விட்டுப்போவது நின்றது.

இந்தக் கணக்குக் கையில் இருந்தால் விலையேற்றத்தில் பதறவும் மாட்டீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசே சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அப்போது பல கடைகளில் சாம்பார் ரசமாகிப்போனது. பத்து லிட்டர் சாம்பாருக்கு ஒரு கிலோ தக்காளி. கிலோவுக்கு 70 ரூபாய் ஏறினால் கரண்டிக்கு 70 பைசாதான் கூடும், மூன்று கரண்டிக்கு இரண்டு ரூபாய். சாம்பாரில் கை வைக்கவே தேவையில்லை. தக்காளிச் சட்னியை மட்டும் அந்த மாதம் நிறுத்திப் புதினாவோ காரச் சட்னியோ வைத்தால் போதும்.

மதியச் சாப்பாட்டில் பெரிய கேள்வி, ஃபுல் மீல்ஸா அளவுச் சாப்பாடா என்பது. ஆபீஸ் ஆட்கள் வரும் இடமென்றால் அளவுச் சாப்பாட்டைக் கட்டாயம் பலகையில் எழுதுங்கள். பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள், சோறும் மிஞ்சாது. கட்டடவேலை, லோடு வேலை செய்பவர்கள் வரும் இடத்தில் ஃபுல் மீல்ஸ்தான் நியாயம். அவர்களுக்குப் பசிக்குத் தகுந்த சோறு வேண்டும், விலையையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

சரக்கு வாங்குவது

அரிசி மூட்டையின் விலையைக் கேட்காதீர்கள், கிலோ விலையைக் கேளுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சந்தையில் 26 கிலோ மூட்டை பரவலாகிவிட்டது. ஒருவர் 1,400 என்கிறார், இன்னொருவர் 1,430 என்கிறார் என்றால் முதலாவது மலிவுபோலத் தோன்றும். அது 25 கிலோ, கிலோ 56. இரண்டாவது 26 கிலோ, கிலோ 55. எங்களுக்கு மண்ணச்சநல்லூர் மில்கள் பக்கத்திலேயே என்பதால் மாதம் ஒருமுறை நேரடியாகப் போய் ஒரே லோடாக எடுப்போம். அரிசி ரகத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், சோறு குழைந்து ஒரு அண்டா வீணானால் ஒரு மாத மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

காய்கறிக்குக் காந்தி மார்க்கெட்டுக்கு வாரத்தில் மூன்று நாளாவது நானே போவேன். ஆளை அனுப்பினால் கமிஷன் அடிப்பார் என்ற பயத்தில் சொல்லவில்லை. எது வரத்து அதிகம், எது மலிவு என்று கண்ணால் பார்த்தால்தான் அன்றைய பொரியலை அங்கேயே முடிவு செய்ய முடியும். பலகையில் ‘பொரியல், கூட்டு’ என்று மட்டும் எழுதுங்கள், எந்தக் காய் என்று எழுத வேண்டாம். முகூர்த்த நாள்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அதற்கு முந்தின நாளே காயும் வாழை இலையும் ஏறிவிடும். அந்த நாள்களில் தலைவாழை இலையை விட்டுவிட்டுத் தட்டில் வட்ட இலை போட்டுப் பரிமாறலாம், யாரும் குறை சொல்வதில்லை.

மளிகைக் கடன் இருக்கலாம், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். ரொக்கம் கொடுத்தால் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி.

வாரம் ஒரு இரவு இருப்பு எடுங்கள். பருப்பு எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை டின், அரிசி எத்தனை மூட்டை. போன வார இருப்பு, கூட்டல் வாங்கியது, கழித்தல் இப்போதைய இருப்பு. வருவதுதான் உண்மையில் செலவான சரக்கு. விற்பனையில் அது 40 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 45ஐத் தொட்டால் எங்கோ ஓட்டை, அடுத்த நாளே தேடுங்கள்.

குப்பை வாளியை எடை போடுங்கள்

அந்த ஓட்டை பெரும்பாலும் குப்பை வாளியில்தான் இருக்கும். இரண்டு வாளி வையுங்கள்: சமையலறையில் மிஞ்சியதற்கு ஒன்று, இலையில் மிஞ்சியதற்கு ஒன்று. ஒரு வாரம் எடை போட்டால் போதும். சமையலறை வாளி கனமென்றால் நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள். இலை வாளி கனமென்றால் அதிகம் வைக்கிறீர்கள், அல்லது அந்தப் பதார்த்தம் வாய்க்கு நன்றாக இல்லை. திங்கள்கிழமைகளில் எங்கள் இலை வாளி மட்டும் கனக்கும். பார்த்தால் ஞாயிறு விடுமுறைக்கு முன்னால் மிஞ்சிய காயைத் திங்கள் கூட்டில் போட்டுக்கொண்டிருந்தார் மாஸ்டர். மிச்சம் பிடிக்கத்தான் செய்தார், பாவம்.

எண்ணெயில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. கறுத்துப்போன எண்ணெயை பயோடீசலுக்காக வாங்கிச் செல்லும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள், லிட்டருக்கு ஒரு தொகை கிடைக்கும். அதைத் தாளிப்புக்கு ஊற்றுவது சாப்பிட வருபவரின் உடம்பில் கை வைப்பது.

ஆள், கேஸ், கரண்ட்

கூலியைக் குறைத்து லாபம் பார்க்க முடியாது. நல்ல மாஸ்டர் போனால் ஒரு வாரத்தில் ருசி மாறும், ஒரு மாதத்தில் கூட்டம் மாறும். குறைக்க வேண்டியது வெட்டி நேரத்தை. பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை சும்மா நிற்கும் இரண்டு பேருக்கு மாலை டிபனின் வெங்காயம் உரிக்கும் வேலையை மாற்றிவிட்டாலே கூடுதல் ஆள் தேவைப்படாது. அட்வான்ஸ் கொடுப்பதைத் தவிர்க்க முடியாது. கொடுத்த தேதி, தொகை, வாரம் எவ்வளவு பிடிப்பது என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தீபாவளி போனஸுக்குத் தினம் 150 ரூபாய் தனி டப்பாவில் போட்டுவந்தால் ஐப்பசியில் கடன் வாங்க வேண்டாம். ஆள் எண்ணிக்கை பத்தை எட்டினால் இஎஸ்ஐ (ஊழியர் மருத்துவக் காப்பீடு), இருபதை எட்டினால் பிஎஃப் (சேமநிதி) வந்துவிடும், அந்தச் செலவையும் யோசித்தே ஆள் கூட்டுங்கள்.

கேஸ் சிலிண்டரை மாட்டும் அன்று அதன் மேலேயே சாக்பீஸால் தேதி எழுதுங்கள். 19 கிலோ சிலிண்டர் வழக்கமாக இரண்டரை நாள் வருவது இரண்டு நாளில் தீர்ந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, அல்லது டியூப் கசிகிறது. வணிகச் சிலிண்டர் விலை பெரும்பாலும் மாதம் முதல் தேதி மாறும், அன்று அடக்க விலைத் தாளைத் திருத்துங்கள். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் மாட்டுவது சட்டப்படி குற்றம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் மறந்தே போகும். தினம் 230 ரூபாய் ஒதுக்கிவிடுங்கள்.

ஆன்லைன் ஆர்டர்

ஸ்விக்கி, சொமேட்டோ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தனிக் கணக்கு வேண்டும் என்பேன். 200 ரூபாய் ஆர்டருக்கு 22 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொண்டால் 44. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 8. பார்சல் டப்பா 15. மிஞ்சும் 133இல் சரக்கு 80 போனால் 53. அதே உணவைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 120 நிற்கும். டப்பாவில் போனால் சுவை கெடாத, கொஞ்சம் விலை கூடிய ஐந்தாறு பதார்த்தங்களை மட்டும் ஆன்லைனில் வையுங்கள். தள்ளுபடியில் உங்கள் பங்கு எவ்வளவு என்று படிக்காமல் ஓகே அழுத்தாதீர்கள். அந்த விற்பனைக்கான உணவக ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1 முதல் அந்த நிறுவனங்களே கட்டுகின்றன, அதை உங்கள் வரியில் சேர்த்து இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள்.

வரி

நம் உதாரணக் கடை வருடம் 37 லட்சம் விற்கிறது. உணவகத்துக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம், ஆகவே பதிவு கட்டாயம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காம்போசிஷன் முறை (சின்னக் கடைகள் மொத்த விற்பனையில் ஒரே சதவீதம் கட்டும் ஜிஎஸ்டி முறை) எளிது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும் என்று சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் அதில் விற்பனையில் 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும், வாடிக்கையாளர் பில்லில் போடக் கூடாது. 3,12,000க்கு மாதம் 15,600. நம் லாபமோ 6,600! சாதாரண முறையிலும் 5 சதவீதம்தான், ஆனால் அதைப் பில்லில் தனியாக வாங்கலாம். வாங்கிய சரக்கின் வரியை இரண்டு முறையிலுமே கழிக்க முடியாது. எதை எடுத்தாலும் விலைப்பலகை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். பில்லில் வாங்கும் வரிப் பணத்தை அன்றிரவே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கடன் வாங்கும் முன்

தண்டல்காரர் கடைக்கே வந்து பணம் கொடுப்பார். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் தருவார், தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500தானே என்று தோன்றும். ஆனால் தினமும் திருப்பிக் கட்டுவதால் உங்கள் கையில் சராசரியாக நிற்பது அதில் பாதி, சுமார் 4,250. அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் வருட வட்டி 125 சதவீதத்துக்கு மேல். கடையின் லாபமே நூற்றுக்கு இரண்டோ மூன்றோ என்றிருக்க, இதை எதிலிருந்து கட்டுவது? கிரைண்டர், ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு வங்கியில் மத்திய அரசின் முத்ரா திட்டக் கடன் கேளுங்கள். சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். நீங்கள் தினமும் எழுதிய நோட்டும் கடைக் கணக்கின் வங்கிப் பதிவும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

வருடத்தின் மேடு பள்ளம்

எல்லா மாதமும் ஒன்றல்ல. சைவக் கடைக்குப் புரட்டாசியும், மாலை போட்டவர்கள் வரும் கார்த்திகை மார்கழியும் நல்ல காலம். அசைவக் கடைக்கு அதுவே பள்ளம். திருச்சியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்திலும், சித்திரைத் தேருக்குச் சமயபுரத்திலும் கூட்டம் அலைமோதும். கல்லூரி விடுமுறையில் மாணவர்களை நம்பிய மெஸ் காலியாகக் கிடக்கும். முதல் வருட நோட்டு கையில் இருந்தால், எந்த மாதம் எவ்வளவு இறங்கும் என்று இரண்டாம் வருடம் தெரியும். நல்ல மாதத்தின் உபரியைத் தொடாமல் வைத்திருந்து பள்ள மாதத்து வாடகைக்கு எடுங்கள். இரண்டு மாத வாடகையும் ஒரு மாதக் கூலியும் எப்போதும் வங்கியில் இருக்கட்டும். அதைச் சேர்க்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

விலை ஏற்றும்போது

வருடம் ஒருமுறையாவது விலையைத் திருத்த வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். அடக்க விலைத் தாளில் எது அதிகம் கடிக்கிறதோ அந்த இரண்டு மூன்றை மட்டும் முதலில் ஏற்றுங்கள். இட்லியைக் கடைசியில் தொடுங்கள். கடையின் விலையை மக்கள் இட்லியை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். மாதக் கணக்கில் சாப்பிடுபவர்களுக்குப் பத்து நாள் முன்பே நேரில் சொல்லுங்கள்: “அண்ணே, அடுத்த மாசத்திலிருந்து சாப்பாடு அஞ்சு ரூபாய் கூடுது, பருப்பு விலை தெரியும்ல.” நான் இப்படிச் சொன்னபோது நாற்பது பேரில் இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மாதம் கழித்து வந்து பழைய மூலை மேஜையிலேயே உட்கார்ந்தார்.

பலகையில் பழைய விலையை அடித்து மேலே எழுதாதீர்கள். புதிதாக எழுதி மாட்டுங்கள்.